2011-இல் கனடாவின் முதல் தமிழ் எம்.பி.யான ராதிகா சிற்சபைஈசனைத் தெரிவு செய்த ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதி இப்போது ஏன் இல்லை? தமிழர் வென்றதால்தான் அதை உடைத்தார்களா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை.

இங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை குடிசன மதிப்பீடு முடிந்ததும் ஒவ்வொரு மாகாணத்திலும் எல்லை மீள்நிர்ணய ஆணைக்குழு ஒன்று அமைப்பார்கள். தலைவராக ஒரு நீதிபதி, கூட இரண்டு பேர். ஆளும் கட்சி நினைத்தபடி கோடு கீற முடியாது. 2012-இல் தொடங்கிய சுற்றில் நாடாளுமன்ற ஆசனங்கள் 308-இலிருந்து 338 ஆயின. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்கு மட்டும் 106 இருந்தது 121 ஆனது. தொகுதிக்குச் சராசரியாக 1,06,000 பேர் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் தொகுதியிலோ 1,30,000 பேர் அளவில் இருந்தோம். வெட்டாமல் விட்டிருந்தால்தான் அதிசயம்.

நான் அந்தத் தொகுதியில், மோல்வேர்ன் பக்கம் நெடுங்காலம் இருந்தவன். ரொறன்ரோவின் வடகிழக்கு மூலை அது. வடக்கே ஸ்டீல்ஸ் அவென்யூ, கிழக்கே பிக்கரிங் எல்லை, தெற்கே ஏறக்குறைய 401 நெடுஞ்சாலை. மிலிக்கன், அஜின்கோர்ட்டின் வடபகுதி, மோல்வேர்ன், மிருகக்காட்சிசாலை, அதைச் சுற்றிய ரூஜ் பள்ளத்தாக்கு எல்லாம் அதற்குள். பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். நாட்டிலேயே அந்த விகிதம் மிகக் கூடிய தொகுதிகளில் ஒன்று. சீனர் ஒரு பங்கு, தெற்காசியர் ஒரு பங்கு, கரீபியன், பிலிப்பீன்ஸ் ஆட்கள் மிச்சம். தமிழர் பெருந்தொகை என்றாலும் பாதியைக்கூட எட்டவில்லை. அடுத்துச் சொல்லப்போவதற்கு இது முக்கியம்.

1988-இல்தான் அந்தப் பெயரில் முதல் தேர்தல். பிரதமர் மல்ரோனி அமெரிக்காவோடு செய்த சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் பற்றி நாடே அடிபட்ட தேர்தல் அது. லிபரல் கட்சியின் டெரெக் லீ என்ற சட்டத்தரணி வென்றார். பிறகு 1993, 1997, 2000, 2004, 2006, 2008 என்று அசையவே இல்லை. ஏழு தேர்தல், ஏழு வெற்றி. அவர் ஒருவரின் திறமை மட்டும் என்று சொல்லமாட்டேன். 1993-இல் ஒன்ராறியோவின் 99 தொகுதிகளில் 98-ஐ லிபரல் கட்சி அள்ளியது. அந்தக் காலத்தில் லிபரல் வேட்பாளர் ஆவதுதான் இங்கே உண்மையான தேர்தல், மற்றதெல்லாம் சடங்கு.

லீயை எங்கள் ஆட்கள் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. ஆனால் ஆள் சாதாரணமானவர் இல்லை. சாட்சிகளையும் ஆவணங்களையும் வரவழைக்க நாடாளுமன்றத்துக்கு இருக்கும் அதிகாரம் பற்றித் தனி நூலே எழுதியவர். கனடியப் படை ஆப்கானிஸ்தானில் பிடித்துக் கையளித்த கைதிகள் தொடர்பான ஆவணங்களைத் தர, அப்போதைய பிரதமர் ஹார்ப்பரின் கொன்சர்வேட்டிவ் அரசு மறுத்தபோது, சபையின் உரிமை மீறப்படுகிறது என்று சிறப்புரிமைப் பிரச்சினை கிளப்பியவர்களில் அவரும் ஒருவர். 2010 ஏப்ரல் 27 அன்று சபாநாயகர் பீட்டர் மில்லிக்கன், கேட்கும் உரிமை சபைக்கு உண்டென்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பைப் பற்றி மோல்வேர்னில் ஒரு தேநீர்க்கடையிலாவது யாரும் பேசி நான் கேட்டதில்லை.

2011-இல் லீ போட்டியிடவில்லை. என்னைக் கேட்டால் கதையின் திருப்பமே இதுதான். தமிழ் ஊடகங்கள் "தமிழர் வாக்கு வென்றது" என்று எழுதின. அது அரைவாசி உண்மை. இருபது வருடத்துக்கு மேலாக ஒருவரே இருந்த கதிரை காலியாகியிருந்தது. அதே நேரம் நாடு முழுக்க புதிய ஜனநாயகக் கட்சித் (என்டிபி) தலைவர் ஜாக் லேட்டனின் செம்மஞ்சள் அலை அடித்தது, செம்மஞ்சள் அந்தக் கட்சியின் நிறம். என்டிபி 103 ஆசனம் பிடித்தது, லிபரல் 34-க்கு விழுந்தது, அதன் தலைவர் இக்னாட்டியெஃப் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். இவை இரண்டும் இல்லாமல் 2008-இல் எங்கள் தொகுதியில் மூன்றாம் இடத்தில் கிடந்த என்டிபி மூன்றே வருடத்தில் முதலிடத்துக்கு வந்திருக்காது.

மற்ற அரைவாசி எங்கள் ஆட்களுடையது. 2009 மே மாதம் இலங்கைப் போரை நிறுத்தக் கோரி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வருடத்தில் இந்த நாட்டு அரசியலைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. 2010 ஓகஸ்டில் 492 தமிழ் அகதிகளுடன் சன் சீ கப்பல் வந்தபோது ஹார்ப்பர் அரசு நடந்துகொண்ட விதம் பெற்றோரையும் உசுப்பிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் இங்கே வந்த ராதிகா சிற்சபைஈசன் என்டிபி வேட்பாளர் என்றதும், அதுவரை தேர்தல் என்றால் தொலைக்காட்சியை நிறுத்திவிடும் வீடுகளில்கூட வாசலில் செம்மஞ்சள் பலகை ஏறியது.

நானும் சில மாலைகள் துண்டுப்பிரசுரத்தோடு அடுக்குமாடி ஏறினேன். ஒரு அம்மா கதவைப் பாதி திறந்து, பிரசுரத்தைக் கண்ணாடி போட்டு முழுக்க வாசித்தார். கட்சி, கொள்கை ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, உந்தப் பிள்ளை ஆற்றை மகள்? ஊர் எவடம்?" என்றார். தெரிந்ததைச் சொன்னேன். "சரி, எனக்கு வோட்டு இருக்கோ எண்டு முதல்லை பாத்துச் சொல்லும்" என்று குடியுரிமைச் சான்றிதழை எடுத்து வந்து காட்டினார். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் அடையாளத்தோடு போனால் வாக்குச்சாவடியிலேயே பதிந்துகொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. நான் ஏறி இறங்கிய வீடுகளில் பாதிப் பேச்சு இதைப் பற்றித்தான்.

மே 2. அப்போது மேற்குக் கரையில் வாக்களிப்பு முடியும் வரை முடிவுகளைக் கிழக்கிலிருந்து வெளியிடக்கூடாது என்று சட்டம் இருந்தது. அந்தத் தடையோடு நடந்த கடைசிப் பொதுத்தேர்தல் அதுதான். ஒன்பதரைக்கு வாக்களிப்பு முடிந்தும் பத்து மணி வரை எல்லோரும் கைபேசியை வெறித்துக்கொண்டு இருந்தோம். ராதிகாவுக்கு 40 சதவீதத்துக்குச் சற்று மேல், கொன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கு 30 அளவில், லிபரலின் ரானா சர்க்காருக்கு 27. மூன்றாகப் பிரிந்த வாக்கு. ஐயாயிரம் வாக்கு வித்தியாசம் என்பது தமிழர் மட்டும் போட்டு வந்ததல்ல. மற்றச் சமூகங்களும் போட்டிருக்கின்றன.

பிறகு எல்லை மாற்றம். பழைய தொகுதியின் பெரும்பகுதி ஸ்காபரோ நோர்த் ஆனது. கிழக்குத் துண்டு, தெற்கே வெஸ்ட் ஹில், ஹைலண்ட் கிரீக் பக்கங்களோடு சேர்ந்து ஸ்காபரோ–ரூஜ் பார்க் ஆனது. 2015-இல் ராதிகா ஸ்காபரோ நோர்த்தைத் தேர்ந்தெடுத்தார். காகிதத்தில் சரியான கணக்குத்தான். ஆனால் அலை இந்தமுறை லிபரல் தலைவர் ட்ரூடோ பக்கம். லிபரலின் ஷோன் சென் வென்றார், ராதிகா மூன்றாமிடம். பக்கத்து ரூஜ் பார்க்கில் அதே நாள் லிபரல் வேட்பாளர் ஹரி ஆனந்தசங்கரி பெருவெற்றி பெற்றார். இலங்கையின் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் வீ. ஆனந்தசங்கரியின் மகன் இவர். அங்கே கொன்சர்வேட்டிவ் கட்சிக்கு நடந்தது வேறு கூத்து. அவர்கள் நிறுத்தியிருந்தவர் முன்பு வீட்டுச் சாதனம் திருத்தப் போன இடத்தில் வாடிக்கையாளரின் கோப்பையில் சிறுநீர் கழித்தது சிபிசி தொலைக்காட்சியின் மறைகாமெராவில் பதிவாகியிருந்தது. அது வெளிவந்ததும் அவரைக் கழற்றிவிட்டு, அவசரமாக லெஸ்லின் லூயிஸைக் கொண்டுவந்தார்கள். அன்று தோற்ற லூயிஸ், ஐந்து வருடம் கழித்துக் கட்சித் தலைமைக்கே போட்டியிட்டார்.

ஒருவரைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தொகுதியின் கதை முழுமையாகாது. ரேமண்ட் சோ, கொரியர். 1988-இல் என்டிபி சார்பில் இங்கே நின்று தோற்றார். 2004-இல் சுயேச்சை லிபரலாக லீயை எதிர்த்து நின்று தோற்றார். நடுவில் ரொறன்ரோ மாநகரசபையில் வருடக்கணக்காக இருந்தார். மத்தியில் தொகுதி மறைந்த பிறகும் மாகாண சட்டமன்றத்தில் 2018 வரை அதே பெயர் இருந்தது. 2016 செப்ரெம்பர் இடைத்தேர்தலில் லிபரல், என்டிபி இரண்டும் தமிழரை நிறுத்தின. வென்றவர் சோ, இந்தமுறை முற்போக்கு கொன்சர்வேட்டிவ். "தமிழர் தொகுதி" என்று எங்கள் ஆட்கள் மார்தட்டும்போதெல்லாம் எனக்கு இவர் முகம்தான் ஞாபகம் வரும்.

ரூஜ் பார்க் என்ற பெயரும் பத்து வருடம்தான் தாங்கியது. அடுத்த மீள்நிர்ணயத்தில் கில்ட்வுட்டும் சேர்ந்து, 2025-இல் ஹரி நின்றது ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க் என்ற நீட்டு வண்டிப் பெயரில். அதே தேர்தலில் பக்கத்துப் பிக்கரிங்–புரூக்ளினில் யுவனிதா நாதன் வென்றார், தமிழ் எம்.பி.க்கள் ஸ்காபரோ எல்லையைத் தாண்டிவிட்டார்கள். ஸ்காபரோ நோர்த்தில் ஷோன் சென்தான் இன்னமும் உறுப்பினர்.