கேபிள் குழியும் மேட்டூர்த் தண்ணீரும்

மதிப்பிற்குரிய ஐயா,

எழுத வருவதற்கு முன் நீங்கள் பல ஆண்டுகள் கேபிள் வேலையில் இருந்தவர் என்று உங்கள் கட்டுரை ஒன்றில் படித்தேன். அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதம். நான் மின்னணுப் பொறியியல் படித்துவிட்டு ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கிலும் கிழக்கிலும் 14 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் வேலை எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. மொத்தம் 62 கி.மீ. ஆகஸ்ட் கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. பிப்ரவரி கடைசிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.

திட்ட மேலாண்மைத் திட்டத்தைப் பத்து நாளில் எழுதித் தரும்படி மேலாளர் சொல்லிவிட்டார். மாதிரிக்கு என்று வேறொரு வேலையின் 140 பக்கக் கோப்பையும் கொடுத்தார். ஊர்ப்பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும் என்கிறார். அதன் இடர்ப்பட்டியலில் 'கடும் பனிப்பொழிவு' என்று ஒரு வரி இருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்றும் தெரியவில்லை.

க., திருவாரூர்

அன்புள்ள க.,

பனிப்பொழிவு என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்சம் யோசித்ததும் அதை எழுதியவர் மீது மரியாதை வந்தது. அந்த 140 பக்கத்தில் யாரோ ஒருவர் தம் ஊரைப் பார்த்து எழுதிய வரி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கோப்பின் தலைப்புகளில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வேலையின் எல்லை, கால அட்டவணை, செலவு, தரம், ஆட்கள், கொள்முதல், இடர், தகவல் பரிமாற்றம் எல்லாம் எந்தத் திட்டத்துக்கும் வேண்டியவைதாம். அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எழுதத் தொடங்கும்போது முதலில் கால அட்டவணையை எடுங்கள். அதிலும் ஒப்பந்தத் தேதியைத் தொடாதீர்கள். மேட்டூர் எப்போது திறக்கும், எப்போது மூடும், மழை எப்போது பிடிக்கும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிய பிறகு பேனாவை எடுங்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

2006-இல் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிளை வாய்க்காலின் கரையோரம் கேபிள் குழாய் பதித்துக்கொண்டிருந்தோம். நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில் திட்டம் எழுதியவன் நானேதான். 'ஜூன் 30-க்குள் குழி மூடப்படும்' என்று எழுதியிருந்தேன். காரணம் இருந்தது. 2002 முதல் 2005 வரை நான்கு ஆண்டுகளும் மேட்டூர் அணை ஜூனில் திறக்கவில்லை. ஒரு வருடம் செப்டம்பர், ஒரு வருடம் அக்டோபர் என்று இழுத்தது. இந்த முறையும் அப்படித்தான் என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நம்பினோம். அந்த நம்பிக்கையை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் யாராவது ஒருவர் கேள்வி கேட்டிருப்பார்.

அந்த ஆண்டு வழக்கமான நாளான ஜூன் 12-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்தபோது கரையின் உட்சரிவை ஒட்டி முந்நூறு மீட்டர் குழி திறந்து கிடந்தது. இரவு பதினொரு மணிக்கு உடைப்பு. ஊரே வந்தது. மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் தென்னை மட்டையுமாகப் போட்டு விடியும்போதுதான் அடைத்தார்கள். நாற்றங்கால் நான்கு மூழ்கியது. முழங்கால் சேற்றில் நின்ற என்னிடம் பாசன லஸ்கர் ஒருவர் கேட்டார்: "தண்ணி வருதுன்னு எனக்கு அஞ்சு நாள் முன்னாடியே தெரியும் தம்பி, நீங்க ஏன் கேக்கல?" பதில் இல்லை. என் திட்டத்தில் கோட்டப் பொறியாளர்வரை பெயர்கள் இருந்தன. மதகைத் திறக்கிறவர் இல்லை.

அன்று முதல் என்னுடைய எந்தத் திட்டத்திலும் தகவல் பரிமாற்றப் பக்கத்தின் முதல் வரி அந்தந்தப் பகுதி லஸ்கரின் கைப்பேசி எண்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முறைப்பாசனம் வைத்தால் எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

திட்டம் போடுவது ஏதோ வெளியிலிருந்து வந்த வித்தை என்று நம் பொறியாளர்கள் நினைப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். எந்த வேலைகள் ஒரு நாள் தாமதித்தாலும் முழுத் திட்டமும் தள்ளிப்போகுமோ அந்த வரிசைதான் முட்டுப்பாதை. அதைக் கண்டுபிடிக்கும் கணக்கை 1957-இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தார் வகுத்தார்கள், உண்மைதான். ஆனால் குறுவைக்காரர் போடும் கணக்கைப் பாருங்கள். ஐப்பசி மழை கனக்கும் முன் நெல் களத்துக்கு வர வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி 110 நாள் எண்ணுகிறார், ஆடுதுறை ரகங்கள் பலவற்றின் வயது ஏறக்குறைய அதுதான். விதைக்கும் வாரம் கிடைத்துவிடுகிறது. அந்த வாரத்துக்குத் தண்ணீர் வராது என்று தெரிந்தால் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை. பம்புசெட் இருந்தால் நாற்று விடுகிறார். இல்லையென்றால் குறுவையைக் கைவிட்டு, ஐந்து மாத வயதுள்ள சி.ஆர். 1009 போன்ற ரகத்தோடு ஒருபோகச் சம்பாவுக்குப் போய்விடுகிறார். எந்தத் தேதி தாண்டினால் எந்த முடிவு என்பது ஆனி பிறக்கும் முன்பே அவர் மனத்தில் இருக்கிறது.

உங்கள் இடர்ப்பட்டியலில் இல்லாதது இதுதான். 'மழை — வாய்ப்பு அதிகம் — பாதிப்பு அதிகம்' என்று கட்டம் போட்டுச் சிவப்பு வண்ணம் அடிப்பதால் யாருக்கும் பயனில்லை. எந்த அடையாளம் தெரிந்தால், யார், எதை நிறுத்தி எதைத் தொடங்குவார், அதற்குப் பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று எழுதினால்தான் அது திட்டம். மேட்டூர் 2022-இல் மே 24-ஆம் தேதி திறந்தது, 2024-இல் ஜூலை 28-ஆம் தேதி. இரண்டுக்கும் இடையே இரண்டு மாதத்துக்கு மேல் ஊசல். இந்த ஊசலை உங்கள் அட்டவணை தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஆறு மாதம். செப்டம்பரில் சம்பா வேலை நடக்கிறது, வாய்க்காலெல்லாம் தண்ணீர். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மேட்டூரை மூடும் வழக்கமான நாள் ஜனவரி 28. பொங்கலை ஒட்டிச் சம்பா அறுவடை, அதன்பின் ஈரம் காயும் முன்பே தரிசில் உளுந்து, பயறு. ஆக உங்கள் கடைமடையில் நிம்மதியாகத் தோண்டக் கிடைப்பது பிப்ரவரி முதல் மே வரை. ஒப்பந்தமோ பிப்ரவரியில் முடிகிறது. உங்கள் மேலாளருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் பேசாமல் இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். வேலையைப் பெறுவதற்காக ஒப்புக்கொண்ட தேதியைக் கையெழுத்து உலரும் முன் யாரும் கிளற மாட்டார்கள்.

நீங்கள் கிளறுங்கள், ஆனால் புலம்பலாக வேண்டாம். 62 கி.மீ.யையும் நடந்து பாருங்கள். வண்டியில் போனால் பாதி தெரியாது. நெடுஞ்சாலை ஓரத்து மேட்டு நிலம் எத்தனை கி.மீ., வாய்க்கால் கரை எத்தனை, வயலை ஒட்டிய ஊராட்சிச் சாலை எத்தனை என்று மூன்றாகப் பிரியுங்கள். மேட்டு நிலத்தைச் செப்டம்பரில் முடிக்கலாம். கரையைத் தை கடைசிக்கு முன் தொடவே கூடாது. நடுவிலுள்ள மழை மாதங்களில் ஊராட்சி அலுவலகங்களுக்குள் செய்யும் வேலையை வையுங்கள்: கருவிப்பெட்டி, மின்சாரம், பேட்டரி, தரை இணைப்பு. கொள்முதலையும் அப்போதே முடித்துவிடுங்கள். இந்தப் பிரிப்பை வரைபடத்தோடு கொண்டுபோய் வைத்தால், "மே வரை அவகாசம் வேண்டும்" என்பது கோரிக்கையாக இல்லாமல் கணக்காகத் தெரியும்.

மழை மாதங்களில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை அனுமதிகள். முட்டுப்பாதை தோண்டுவதில் இருப்பதாகத்தான் எல்லா அட்டவணையும் காட்டும். என் அனுபவத்தில் அது எப்போதும் தபாலில்தான் இருந்தது. முள்ளியாற்றையும் மற்ற ஆறுகளையும் கடக்க நீர்வளத்துறை, பாலத்தின் பக்கவாட்டில் இரும்புக் குழாய் பொருத்த நெடுஞ்சாலைத்துறை, கிழக்கே போனால் அகஸ்தியம்பள்ளிப் பாதையைக் கடக்க ரயில்வே, ஊருக்குள் ஊராட்சி. கேபிள் கொண்டுபோக இடம் தருவது பற்றி 2025 ஜனவரி முதல் நடப்பிலுள்ள புதிய வழியுரிமை விதிகள் அலுவலகங்களுக்குக் கெடு வைத்திருக்கின்றன. கெடு தாண்டினால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்பார்கள். சாலையோரத்துக்கு அந்த வாதம் செல்லும். அதை நம்பி ஆற்றங்கரையில் மண்வெட்டி வைக்காதீர்கள். கரை உடைந்தால் விதிப்புத்தகம் வந்து மூட்டை தூக்காது.

அடுத்தது யாரும் எழுதாத இடர். ஏப்ரல் முதல் ஜூன் வரை தூர்வாரும் பணி நடக்கும். அணை திறக்குமுன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஜே.சி.பி.யும் பொக்லைனும் கரை கரையாக இறங்கும். நீங்கள் மார்ச்சில் பதித்த கேபிளை மே மாதம் வாளி நுனியில் தொங்கவிட்டுப் பார்ப்பீர்கள். இதைத் தரம் பற்றிய பக்கத்தோடு சேர்த்து யோசியுங்கள். உங்கள் வேலை, ஓர் இழையின் ஒளியைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கமான ஜிபான் முறையாக இருந்தால், வழியில் ஒளி மங்கும் இழப்பை பி-பிளஸ் வகை ஒளிக்கருவி மொத்தம் 28 டெசிபெல்வரைதான் தாங்கும். ஒளியை 32 ஆகப் பிரித்தால் அதிலேயே சுமார் 17 போய்விடும். கடைசி ஊர் 20 கி.மீ. தள்ளி இருந்தால், 1310 நானோமீட்டர் ஒளிக்குக் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் இழையில் 7. இழையை ஒட்டும் இடங்கள், இரண்டு கி.மீ.க்கு ஒன்றாக ஒன்பது பத்து இணைப்பு, ஒவ்வொன்றும் 0.1 என்று வைத்தால் 1. கேபிளைக் கருவியில் செருகும் சொருகிகளுக்கு 2. ஆகமொத்தம் 27. கையில் மிச்சம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் துண்டு வைத்து ஒட்டும்போது புதிதாக இரண்டு இணைப்பு ஏறும். ஐந்து முறை ஜே.சி.பி. வெட்டினால் அந்த மிச்சம் தீர்ந்தது. ஆறாவது வெட்டில் கடைசி ஊருக்கு விளக்கு எரியாது.

அதனால் தூர்வாரும் பட்டியல் வெளியானதும் வாங்கி உங்கள் பாதை மீது வைத்துப் பாருங்கள். பொக்லைன் ஓட்டுநரின் கூடவே நடக்க ஒரு ஆளுக்குச் சம்பளத்தைச் செலவுத் திட்டத்தில் சேருங்கள். எச்சரிக்கை நாடா, அடையாளக் கல் எல்லாம் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் டீக்கடையில் ஓட்டுநரோடு பேசுகிற ஆளுக்கு அவை ஈடாகாது.

குழி தோண்டும் செலவைப் பார்த்ததும் "மின்கம்பத்தில் கட்டிவிடலாமே" என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். மலிவுதான், வேகமும்தான். தமிழ்நாட்டில் பல இடங்களில் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் உங்களுடையது 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கடந்துபோன பாதை. அன்று வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டைவரை கம்பங்களும் தென்னைகளும் எப்படிக் கிடந்தன என்பதை உங்கள் வீட்டிலேயே கேட்கலாம். கம்பத்தில் கட்டினால் கம்பம் விழும் நாளுக்கான கேபிள் சுருளும் ஆட்களும் கிடங்கில் இருக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்த பிறகு மலிவா என்று ஒப்பிடுங்கள். களிமண்ணில் 1.65 மீட்டர் குழியும் சும்மா வராது. கோடையில் கடப்பாரை இறங்காது, மழையில் சுவர் சரியும். இணைப்புப் பெட்டி வைக்கும் தொட்டி ஆண்டில் பாதி நாள் தண்ணீருக்குள்தான் இருக்கும், அதனால் பெட்டியின் மூடியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

வேலையின் எல்லை பற்றி ஒரு வார்த்தை: ஊராட்சி அலுவலகத்தின் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள். தேரோடும் வீதி உள்ள ஊர் எதுவும் பாதையில் இருந்தால் தேர் நாளையும் அட்டவணையில் குறித்துவிடுங்கள். மற்றவற்றுக்கு மாதிரிக் கோப்பே போதும்.

அந்தப் பனிப்பொழிவு வரியை அடிக்க வேண்டாம். 'மார்கழிப் பனி' என்று திருத்தி வையுங்கள். விடிகாலையில் வயலோரம் கூடாரமில்லாமல் இழை ஒட்ட உட்கார்ந்தால் நுனியில் ஈரம் படிந்து இணைப்புக் கெடும், எட்டு மணிக்கு மேல் தொடங்கச் சொல்லுங்கள். உங்கள் மேலாளர் அந்தப் பக்கத்தைத் திருப்பினால், மாதிரியிலிருந்து எடுத்ததுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.