வோட் இல்லாவிட்டாலும் கதவு தட்டப் போங்கோ, தம்பி

தம்பி, போன மார்கழியில் பிஆரோடு, அதுதான் நிரந்தர வதிவிட உரிமையோடு, வந்திறங்கி ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் இருக்கிறதாய் எழுதியிருக்கிறீர்கள். வருகிற ஒக்டோபர் 26 ரொறன்ரோ நகரசபைத் தேர்தல். உங்கடை ஊர் அண்ணை ஒருத்தர் தான் ஆதரிக்கிற ஆளுக்காக வீடு வீடாய்ப் போக உங்களைக் கூப்பிடுகிறார். 'லைசன்ஸ் இருந்தால் நீரும் வோட் போடலாம்' என்றும் சொல்லியிருக்கிறார். போகலாமா என்று கேட்கிறீர்கள். அதோடு கார் ஓடுகிற ஜி லைசன்ஸ், குளிர் ஜாக்கெட், இருக்கிறதுக்கு மார்க்கம் நகரமா பிரம்டன் நகரமா என்று இன்னும் மூன்று கேள்வி. அந்த மூன்றுக்கும் பதில் சொல்ல இஞ்சை ஆயிரம் பேர் இருக்கினம். ஜாக்கெட்டை மட்டும் மலிவு பார்த்து வாங்காதீர்கள். எனக்கு வாய் துருதுருக்கிறது முதல் கேள்விக்குத்தான்.

வீடு வீடாய்ப் போங்கோ. வோட் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

நகரசபைத் தேர்தலில் வாக்களிக்க 18 வயது ஆனால் போதாது, கனடியக் குடியுரிமையும் வேணும். ஆனால் வாக்குச்சாவடி மேசையில் கேட்பது பெயரும் ரொறன்ரோ விலாசமும் உள்ள ஒரு கடுதாசி. லைசன்ஸ் காணும்; படம்கூடத் தேவையில்லை, ஒரு பில்லும் காணும். சிற்றிசன் காட் எங்கே என்று ஒருவரும் கேட்கமாட்டினம். எனக்குத் தகுதி இருக்கு என்று நீங்களே உறுதி சொல்லுவதுதான். அந்த இடத்தைத்தான் உங்கடை ஊர் அண்ணை பிழையாய் விளங்கி வைத்திருக்கிறார். பொய்யாய் உறுதி சொன்னால் அது சட்டப்படி குற்றம். நாளைக்குச் சிற்றிசன்சிப்புக்குப் போடுகிற நேரம் இது வில்லங்கமாய் வந்து நிற்கலாம். தவறுதலாய் உங்கடை பெயரில் வாக்காளர் காட் வந்தாலும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பிஆர் ஆக்களுக்கும் நகரசபையில் வோட் குடுங்கோ என்று 2013இல் ரொறன்ரோ சபையே ஒன்ராறியோ மாகாணத்திடம் கேட்டது. மாகாணம் இன்றுவரை குடுக்கவில்லை. வரி கட்டுகிறோம், பஸ்ஸில் போகிறோம், வோட் மட்டும் இல்லை. எனக்கும் அது கோபந்தான், ஆனால் சட்டம் சட்டந்தான்.

நான் வந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்காபரோ தனி நகரம். 1998இல்தான் ஆறு நகரசபைகளையும் ஒன்றாய்ச் சேர்த்து இப்போதுள்ள ரொறன்ரோவை ஆக்கினார்கள். எக்ளிங்டன் பக்கம் ஓர் அப்பார்ட்மென்டில் இரண்டு அறைக்குள் ஏழு பேர் இருந்தோம். தேர்தல் என்று ஆரும் கதவு தட்டினால் லைட்டை நிப்பாட்டிவிட்டு மூச்சுக்காட்டாமல் இருப்பம். இப்ப கேட்கச் சிரிப்பாய் இருக்கும். 1981இல் யாழ்ப்பாணத்தில் மாவட்ட சபைத் தேர்தல் வந்த அதே கிழமையில்தான் மாநகரசபையின் நூலகத்தை எரித்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்த ஆக்களுக்குத் தேர்தல் என்றால் வீட்டுக்குள் இருக்கிற நாள். அந்தப் பயத்தோடு வந்தவை கனபேர் பயம் போன பிறகும் வீட்டுக்குள்ளேயே இருக்கினம். அதுதான் எனக்கு எரிச்சல்.

பழைய மாணவர் சங்கத் தெரிவு என்றால் மண்டபம் நிறையும், வாய்த்தர்க்கம் விடியும்வரை போகும். கொழும்பிலே எவர் எந்தக் கட்சிக்குத் தாவினார் என்று கோப்பிக் கடையில் விரல்விட்டு எண்ணுவினம். தன்ரை வார்ட் கவுன்சிலர் ஆர் என்று கேட்டால் முழிப்பினம். இது எங்கடை ஆக்களின் நோய் மட்டுமில்லை, சொல்லத்தான் வேணும். 2014இல் ரொறன்ரோவில் பாதிக்கு மேற்பட்டவை வாக்களித்தவை. 2018இல் அது கிட்டத்தட்ட 41 சதவீதம். 2022இல் 30 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2023இல் மேயர் இடைத்தேர்தலுக்கு 102 பேர் நின்றார்கள், ஒலிவியா சௌ வென்றார். அப்பவும் பத்தில் ஆறு பேர் போகவில்லை.

போகாததால் என்ன நடக்கிறது என்பதற்கு ஸ்காபரோவிலேயே சாட்சி இருக்கு. கென்னடியிலிருந்து மக்கோவன்வரை ஓடின எஸ்ஆர்ரி ரெயின் 1985இல் தொடங்கினது. பழசாகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பதிலாய் ஏழு தரிப்பிடத்தோடு எல்ஆர்ரி என்கிற இலகு ரெயில் போடத் திட்டம் இருந்தது. 2010இல் ரொப் ஃபோர்ட் மேயராகி, நிலத்துக்குக் கீழை ஓடுகிற சப்வேதான் வேணும் என்று அந்தத் திட்டத்தையே குழப்பினார். 2012இல் சபை எல்ஆர்ரிக்குத் திரும்பினது, 2013இல் மறுபடி சப்வேக்குப் பாய்ந்தது. அந்தச் சப்வேயின் மூன்று தரிப்பிடம் ஒன்றாகியது, பிறகு மாகாணம் வாங்கி மறுபடி மூன்றாக்கியது. ஒவ்வொரு தேர்தலிலும் 'ஸ்காபரோவுக்குச் சப்வே' என்று கத்தினால் எங்கடை ஆக்களும் கைதட்டினவை. எத்தனை தரிப்பிடம், எப்ப வரும், அதுவரை என்ன செய்கிறது என்று கேட்டவை கொஞ்சப்பேர். 2023 ஆடி 24இல் எல்ஸ்மியருக்குக் கிட்ட எஸ்ஆர்ரியின் கடைசிப் பெட்டி தடம்புரண்டது. அதோடு அது ஓடவேயில்லை. நீங்கள் இப்ப காலமை கென்னடிக்கு நெருக்குப்பட்டு வருகிற பஸ், அந்த ரெயினுக்குப் பதிலாய் விட்ட பஸ்.

அதனால்தான் போங்கோ என்கிறேன். கதவு தட்டினால் இந்த நகரத்தை ஒரு மாதத்தில் படிக்கலாம். அப்பார்ட்மென்ட் கட்டடங்களில் சுப்பரின்ரென்டன் உள்ளே விடாமல் மறிப்பார். வேட்பாளரையும் அவர் அனுப்புகிற ஆக்களையும் வீட்டுச் சொந்தக்காரர் மறிக்கக்கூடாது என்று மாகாணச் சட்டம் இருக்கு. அதை மரியாதையாய்ச் சொல்லிவிட்டு நில்லுங்கோ. 2022இல் நான் ஒருத்தருக்காகப் போனபோது ஒன்பதாம் மாடியில் தமிழ் அம்மா ஒருத்தி சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தா.

"நீங்கள் வோட்டுக்கு வந்தனீங்களோ, லிஃப்ற் திருத்த வந்தனீங்களோ?"

"வோட்டுக்குத்தான் அம்மா."

"அப்ப போங்கோ. லிஃப்ற் வேலை செய்யட்டும், பிறகு பாப்பம்."

லிஃப்ற் நிற்கிறதும் நகரசபைக் கதைதான் அம்மா, மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத வாடகைக் கட்டடங்களைச் சபை வந்து பார்க்கவேணும், நகரசபையின் 311 நம்பருக்கு அடிச்சால் முறைப்பாடு எழுதுவினம் என்றேன். சங்கிலி கழன்றது. தேத்தண்ணியும் வந்தது. மகன் வாங்கிக் கொடுத்த ஃபோனில் 311ஐ நானே அடித்துக் கொடுத்தேன். வோட் ஆருக்குப் போட்டா என்று நான் கேட்கவில்லை.

கூட வருகிறவரை மட்டும் கவனியுங்கோ. வாசலில் நின்று ஸ்பொன்சர் கெதியாய் எடுத்துத் தாறன், அகதி வழக்கைப் பார்க்கிறன் என்று சொல்லுகிற ஆளோடு அடுத்த கதவுக்குப் போகாதீர்கள். குடிவரவு ஒட்டாவாவின் வேலை, ஆஸ்பத்திரி மாகாணத்தின் வேலை. குப்பை, பனி, பஸ், பூங்கா, நூலகம், வீட்டுவரி, இதுகள்தான் நகரசபை. நாலு வருசத்துக்கு ஒருக்கால் கோயிலுக்கு வந்து பொன்னாடை வாங்கிக்கொண்டு போகிறவரிடம் உங்கடை வார்டில் எந்த பஸ் எந்த நேரம் பிந்துகிறது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ.

தமிழ்ப் பெயர் என்பதற்காக மட்டும் வோட் கேட்கிறதும் எனக்குப் பிடிக்காது. அதற்காக எங்கடை ஆக்கள் நிற்கக்கூடாது என்றில்லை. 2017இல் நீதன் சான் ரொறன்ரோ சபையின் முதல் தமிழ் உறுப்பினராய் வந்தபோது நானும் சந்தோசப்பட்டவன்தான். அடுத்த வருசமே, பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போது மாகாணம் வார்டுகளை 25 ஆகக் குறைத்தது. அவர் இருநூறுக்கும் குறைவான வாக்கில் தோற்றார். அவர் நின்ற ஸ்காபரோ-ரூஜ் பார்க் வார்டில் கொண்டோ ஒன்றில் இருக்கிறவை இறங்கி வந்திருந்தாலே காணும். 2025 இடைத்தேர்தலில் அதே வார்டில் வென்று திரும்பி வந்தார்.

இன்னொன்று. வோட் இல்லாதவருக்கும் சபையில் வாய் இருக்கு. குழுக் கூட்டங்களில் பெயர் கொடுத்தால் ஐந்து நிமிடம்வரை பேசவிடுவினம், அங்கே ஆரும் பாஸ்போட் பார்ப்பதில்லை. வேட்பாளருக்குக் காசு குடுக்கவும் ஒன்ராறியோவில் குடியிருந்தால் போதும். பஸ் தரிப்பிடத்துக் கூடாரம் ஒன்றுக்காக நான் போய்ப் பேசியிருக்கிறன். என்ரை இங்கிலிசை நினைத்துப் பயந்துதான் போனேன். அவை தலையாட்டிக் கேட்டவை, ஒருத்தர் திருப்பிக் கேள்வியும் கேட்டார்.

ஓகஸ்ட் 21இல் வேட்பாளர்கள் பெயர் குடுக்கிறது முடியும். அதற்குப் பிறகு உங்கடை வார்ட் எதென்று எழுதுங்கோ, அங்கே நிற்கிறவை முந்தி எதற்குக் கை உயர்த்தினவை என்று தேடிப் பார்த்துச் சொல்லுவன். ஊர் அண்ணைக்கு என்ரை வணக்கத்தையும் சொல்லி, அந்த லைசன்ஸ் கதையை வேறை ஆருக்கும் சொல்லவேண்டாம் என்று சொல்லிவிடுங்கோ.