பார்ப்பது மட்டும்தானே?

கேள்வி: காட்டுக்குப் போனால் நாங்கள் வண்டியை விட்டு இறங்குவதில்லை. குப்பை போடுவதில்லை, சத்தம் போடுவதில்லை. விலங்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம், அவ்வளவுதான். இதனால் அவற்றுக்கு என்ன கெடுதல்?

பதில்: நானும் பல வருடம் இப்படித்தான் நினைத்திருந்தேன். பறவைகளைப் படமெடுப்பது என் பழக்கம். ஒருமுறை ஒரு கூட்டுக்குப் பக்கத்தில் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன். அலகில் புழுவோடு வந்த தாய்ப்பறவை எதிர்க் கிளையில் உட்கார்ந்தது. அந்தக் கிளையை விட்டுப் போகவே இல்லை. நல்ல வாய்ப்பு என்று எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே நாற்பது நிமிடம். எல்லாவற்றிலும் அதே புழு. நான் இருந்தவரை அது கூட்டுக்குப் போகவில்லை, குஞ்சுகள் வாயைத் திறந்தபடி காத்திருந்திருக்கின்றன. நானும் குப்பை போடவில்லை, சத்தம் போடவில்லை.

சிவிங்கிப்புலியின் பாடு இன்னும் கஷ்டம். சிங்கத்தையும் கழுதைப்புலியையும் தவிர்க்க அது பெரும்பாலும் பகலில் வேட்டையாடும். நம் வண்டிகள் போவதும் பகலில்தான். அது பதுங்கிப் போகும்போது பத்து வண்டி சூழ்ந்துகொண்டால் மான் உஷாராகிவிடாதா? இரை கிடைத்தாலும், ஓடிய ஓட்டத்தில் மூச்சு வாங்கும், உடனே தின்ன முடியாது. அந்த நேரத்தில் வண்டிகள் நெருங்கினால் இரையைப் போட்டுவிட்டே போய்விடும். குட்டிகளைத் தனியாக வளர்க்கும் தாய்க்கு இது பெரிய இழப்பு. கென்யாவின் மசாய் மாராவில் செய்த ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. வண்டிகள் அதிகம் வரும் பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக ஒரு குட்டிகூட வளர்ந்து தனித்துப் போகும் வயதை எட்டவில்லை. குறைவாக வரும் பகுதிகளில் இரண்டுக்கு மேல் எட்டின. அந்த வண்டிகளில் இருந்தவர்களும் வெறுமனே பார்க்கத்தான் போனார்கள்.

கேள்வி: அப்படியென்றால் காட்டுப் பக்கமே போகக் கூடாதா?

பதில்: போகலாம். போங்கள் என்றே சொல்வேன். ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் மலைக் கொரில்லாக்களைக் காப்பதில் பார்வையாளர்கள் கட்டும் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2018-ல் அவற்றின் எண்ணிக்கை 1,000-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் அங்கே வழக்கமாக ஒரு குடும்பத்தைப் பார்க்க நாளுக்கு எட்டுப் பேர், அதுவும் ஒரு மணி நேரம்தான். சளி, இருமல் இருந்தால் விடமாட்டார்கள், நம் சளி கொரில்லாவைக் கொன்றுவிடவும் கூடும்.

தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் படகுகளும் கூட்டமும் பவளத்தைச் சிதைத்ததால் 2018-ல் மூடினார்கள். ஆள் நடமாட்டம் நின்றதும் சுறாக்கள் திரும்பி வந்தன. 2022-ல் மறுபடி திறந்தபோது படகுகளை விரிகுடாவுக்குள் விடவில்லை.

சரி, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டி கிளம்பும் முன்பே வழிகாட்டியிடம், "கிட்டப் போகாவிட்டாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிடுங்கள். கிட்டக் கொண்டுபோய்க் காட்டினால்தான் நமக்குத் திருப்தி என்று நினைத்துத்தான் அவர் நெருங்குகிறார். அப்புறம், மேய்ந்துகொண்டிருக்கும் விலங்கு தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதா? வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள், அது மறுபடி தலையைக் குனிந்து மேயும்வரை.