தறி வீட்டுப் பிள்ளை, கணினிப் படிப்பு

தம்பி, காஞ்சிபுரத்தில் தறி நெய்கிற வீட்டிலிருந்து வந்து கணினி அறிவியல் முதலாண்டு படிப்பதாக எழுதியிருந்தீர்கள். வகுப்பில் எல்லாரும் இலக்கைப் பளிச்சென்று சொல்கிறார்கள், உங்களுக்கு எதுவும் தோன்றவில்லை, வீட்டுத் தொழிலைச் சொல்லவும் கூச்சம் என்கிறீர்கள்.

தோன்றாதது குறை இல்லை. உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966இல் இளைஞர்களின் அடையாள நிலைகளை நான்காகப் பிரித்தார். பெற்றோர் சொன்னதைத் தேடிப் பார்க்காமலே ஏற்று உறுதியாக இருப்பது ஒன்று. முடிவெடுக்காமல் தேடிக்கொண்டிருப்பது இன்னொன்று. நீங்கள் தேடுகிறீர்கள். உறுதியாகப் பேசுகிற எல்லாரும் தேடி முடித்தவர்கள் இல்லை.

அந்தக் கூச்சம்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சார்லஸ் பாபேஜ் 1830களில் வடிவமைத்த கணிப்பொறிக்கு ஆணை கொடுக்கும் வழியை எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று ஜக்கார்டு தறிக்குச் சொல்கிற துளை அட்டையிலிருந்துதான் எடுத்தார். உங்கள் படிப்புக்கும் தறிக்கும் அவ்வளவு நெருங்கிய உறவு!

விடுமுறையில் அப்பாவிடம் உட்கார்ந்து, ஒரு புட்டா வரைபடத்திலிருந்து அட்டைக்கு எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அப்புறம் அதைச் சின்ன நிரலாக எழுதிப் பாருங்கள். வரைவதா, நிரலா, ஆட்களிடம் பேசுவதா, எது பிடித்தது என்று குறித்து வையுங்கள். எதுவுமே பிடிக்கவில்லையா, சரி, அதையும் எழுதுங்கள். துணித் துறை ஈர்த்தால், பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வில் ஜவுளிப் பொறியியலுக்குத் தனித் தாள் உண்டு. பாடத்திட்டத்தை இப்போதே ஒருமுறை புரட்டுங்கள்.