துடுப்பை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் கிரிஸ்டல் ரிவர் என்னும் சிற்றூருக்குப் போய், வழிகாட்டியுடன் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் மானட்டீ என்னும் கடற்பசுக்களைப் பார்த்து வந்ததை எழுதியிருந்தேன். நான் அதே மாநிலத்தின் டாம்பா நகரில் குடியேறிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. குளிர்காலம் வந்தால் கிரிஸ்டல் ரிவருக்குப் போகாமல் இருந்ததில்லை. இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருப்பதால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

ஜனவரியில் டாம்பாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறேன். வயது 61. நீச்சல் தெரியாது, முழங்கால் வலியும் உண்டு. மகள் கயாக் பயணத்துக்கு இப்போதே பணம் கட்டிவிட்டாள். நான் கரையிலேயே இருந்துவிடட்டுமா? – வாசகி, திருச்சி

போங்கள் அம்மா, தயங்காதீர்கள். என் அத்தையை அழைத்துப் போனபோது அவருக்கு 64 வயது. திருவையாற்றில் பிறந்து காவிரிப் படித்துறையில் குளித்து வளர்ந்தவர்தான், ஆனால் ஒரு கை நீந்தத் தெரியாது. அவரே இரண்டரை மணி நேரம் படகில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பேர் உட்காரும் அகலமான கயாக் வேண்டும் என்று மகளிடம் முன்னதாகவே சொல்லச் சொல்லுங்கள். கால்களை உள்ளே நுழைத்து உட்காரும் வகை வேண்டாம்; மேலே உட்காரும் வகைதான் முழங்கால் வலிக்கு ஏற்றது. மணல் கரையில், முழங்காலளவு தண்ணீரில் படகை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். திண்ணையில் உட்காருவதுபோல் முதலில் பக்கவாட்டில் உட்காருங்கள், பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து உள்ளே வையுங்கள். நின்றுகொண்டே ஒரு காலைத் தூக்கி வைக்கும்போதுதான் பலரும் விழுகிறார்கள். மகள் பின்னால் உட்காரட்டும், படகைத் திருப்பும் வேலை பின்னால் இருப்பவருடையது.

உயிர்காப்பு உடையைப் படகில் வைத்திருந்தாலே போதும், பெரியவர்கள் போட்டுக்கொள்ளக் கட்டாயமில்லை என்று அங்கே சொல்வார்கள். நீங்கள் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். தோள்பட்டையைப் பிடித்து மகளை மேலே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறி வந்தால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம், வார்களை இன்னும் இறுக்க வேண்டும்.

புடவை வேண்டாம். நனைந்தால் சீக்கிரம் காயும் துணியில் கால்சட்டை, மேலே கம்பளிச் சட்டை, அதற்கு மேல் காற்றுப் புகாத மேலங்கி. ஃப்ளோரிடா என்றதும் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சுடிதாருடன் வந்து நடுங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜனவரி விடியற்காலையில் அங்கே 5 டிகிரிக்கும் குளிர் இறங்கும். மேலே உட்காரும் கயாக்கில் உட்காரும் இடம் எப்படியும் ஈரமாகும், ஆகவே மாற்று உடையைக் காரில் வைத்திருங்கள். சுக்குக் காப்பி ஒரு ஃபிளாஸ்க் இருந்தால் இன்னும் நல்லது.

அன்றைக்கு முழங்கால் ஒத்துழைக்காவிட்டாலும் ஏமாந்து திரும்ப வேண்டாம். டாம்பாவுக்குத் தெற்கே அப்பல்லோ பீச்சில் மின் நிலையத்தின் வெந்நீர்க் கால்வாயை ஒட்டி ஒரு பார்வை மேடை இருக்கிறது. குளிர்காலத்தில் அந்தக் கால்வாயில் மானட்டீகள் கூடும். கட்டணம் கிடையாது. மேடையில் நின்றே பார்க்கலாம்.

எந்த மாதம் போவது நல்லது? கோடை விடுமுறையில் வந்தால் பார்க்க முடியாதா? – வாசகர், கோவை

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் இறுதிவரை. அதிலும் நன்றாகக் குளிரெடுத்த இரவுக்கு மறுநாள் காலை.

காரணத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். மானட்டீ மூன்று மீட்டர் நீளமும் நானூறு, ஐந்நூறு கிலோ எடையும் உள்ள விலங்கு. உருவம்தான் அப்படி, குளிரைத் தடுக்கும் கொழுப்பு அதன் உடம்பில் அதிகம் இல்லை. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் அது தீனி எடுப்பதை நிறுத்திவிடும், மெலிந்து நோயில் விழுந்து இறந்தும் போகும். கிரிஸ்டல் ரிவரின் கிங்ஸ் பே என்னும் நீர்ப்பரப்பில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊற்றுகள் இருக்கின்றன. அவற்றின் தண்ணீர் கோடையானாலும் குளிரானாலும் 22 டிகிரிதான். மெக்சிகோ வளைகுடா குளிர்ந்ததும் நூற்றுக்கணக்கான மானட்டீகள் அந்த ஊற்றுகளைத் தேடி ஆற்றில் ஏறி வருகின்றன. நமக்குக் காட்சி கொடுக்க வருவதில்லை, பிழைத்திருக்க வருகின்றன.

கோடையில் பெரும்பாலானவை கடலோரமெங்கும் பரவிப் போய்விடும். ஒன்றிரண்டு கண்ணில் படலாம், உறுதியில்லை.

கிங்ஸ் பேயில் உள்ள த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்றுக்குள் கயாக்கோடு நுழைந்துவிடலாம் என்று எண்ணி வராதீர்கள். நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை எந்தப் படகும் உள்ளே போகக்கூடாது. வாய்க்கால் முகப்புவரை கயாக்கில் போகலாம். உள்ளே இருப்பவற்றைப் பார்க்கக் கரையோர மரநடைபாதை இருக்கிறது. ஆர்லாண்டோ பக்கம் தங்குபவர்கள் ப்ளூ ஸ்பிரிங் பூங்காவுக்குப் போங்கள். அங்கேயும் குளிர்காலத்தில் யாரும் நீரில் இறங்க முடியாது. ஆனால் நடைபாதையிலிருந்து பார்த்தால் கண்ணாடித் தொட்டியில் கிடப்பவைபோல் அத்தனையும் தெரியும்.

வாடகைக்கு கயாக் எடுத்துக்கொண்டு நாமே போகலாமே, வழிகாட்டிக்கு ஏன் தண்டம்? – வாசகர், நியூ ஜெர்சி

முதல் வருடம் நாங்களும் இப்படித்தான் நினைத்தோம். அன்று நடந்ததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

நாங்கள் மூன்று குடும்பம், ஐந்து கயாக். ஊற்றுக்குச் சற்றுத் தள்ளிச் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு தெரிந்தது. யாரோ "அதோ!" என்று கத்த, எல்லோரும் அதை நோக்கித் துடுப்பு போட்டோம். நான்கு பக்கமும் படகுகள் சூழ்ந்ததும் அது ஒரே வீச்சில் கிளம்பி, ஊற்றின் வெதுவெதுப்பை விட்டு வெளியே, குளிர்ந்த ஆற்றை நோக்கிப் போய்விட்டது. சரணாலயத் தன்னார்வலரான முதிய பெண்மணி ஒருவர் தம் கயாக்கில் எங்களிடம் வந்தார். அவர் கோபப்படவே இல்லை. அது தூங்கிக்கொண்டிருந்தது, இனி வெயில் ஏறிய பிறகுதான் திரும்பி வரத் துணியும் என்று மட்டும் சொன்னார். மார்கழி இரவில் ஒருவர் போர்வையை உருவிக்கொண்டு அவரைத் தெருவில் விட்டதைப் போல் இருந்தது எனக்கு.

நல்ல வழிகாட்டி நம்மை மானட்டீயிடம் கொண்டுபோய் விடுகிறார் என்பதைவிட, போகவிடாமல் நிறுத்துகிறார் என்பதுதான் சரி. எந்த மிதவைக் கயிற்றுக்கு அப்பால் போகக்கூடாது, எங்கே அவை தூங்கும், எங்கே புல் மேயும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நீரைப் படிக்கவும் கற்றுத் தருவார். அசையாத நீர்மேல் தட்டு வைத்து எடுத்ததுபோல் வழவழப்பான வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். அடியில் போகிற மானட்டீ வாலை ஒருமுறை அடித்தால் மேலே ஒரு வட்டம். அதன் காலடித் தடம் அது. அந்த வட்டங்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துப் படகை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

முன்பதிவு செய்யும்போது ஒன்றைக் கேளுங்கள்: மானட்டீயைக் கண்டால் உங்கள் வழிகாட்டி என்ன செய்வார்? தொட்டுப் பார்க்கலாம், பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டுவோம் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

தொட்டால் என்ன ஆகும்? சாதுவான பிராணி என்றுதானே எழுதியிருந்தீர்கள்? – வாசகி, சென்னை

சாது என்பதால்தான் தொடக்கூடாது என்கிறேன். மனிதரிடம் பழகிய மானட்டீ படகுத்துறைகளைத் தேடிப் போகும், அங்கே விசைப்படகுகள் இருக்கும். குழாயில் குடிநீர் காட்டினால் ஆவலாகக் குடிக்கும். அந்தப் பழக்கமும் அதைத் துறைக்கே இழுத்துவரும். துரத்துவது, சூழ்ந்துகொள்வது, தாயையும் கன்றையும் பிரிப்பது, தீனியோ தண்ணீரோ கொடுப்பது எல்லாமே சட்டப்படி குற்றம். மத்தியச் சட்டத்தில் 50,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

முதலை உண்டா? – வாசகர், நெல்லை

ஃப்ளோரிடாவின் நன்னீரில் அலிகேட்டர் முதலைகள் உண்டு. இத்தனை ஆண்டுகளில் கிங்ஸ் பேயில் நான் பார்த்ததில்லை. மானட்டீ வந்தால் முதலை வழிவிட்டு ஒதுங்கும் காட்சியை வேறு ஊற்றுகளில் கண்டிருக்கிறேன்.

மானட்டீயும் நம் ஆவுளியாவும் ஒன்றா? – வாசகர், அதிராம்பட்டினம்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஒன்றல்ல, ஒரே குடும்பத்துப் பங்காளிகள். கடற்பசு இனத்தில் இன்று உலகில் நான்கே வகைகள் உள்ளன: மூன்று மானட்டீ, ஒன்று ஆவுளியா. வாலைப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். மானட்டீயின் வால் அகலமான வட்டத் துடுப்பு. ஆவுளியாவின் வால் ஓங்கில் (டால்பின்) வால்போலப் பிளந்திருக்கும். ஆவுளியா கடலைவிட்டு வராது. மானட்டீ கடல், கழிமுகம், ஆறு எல்லாவற்றிலும் வாழும்.

2022 செப்டம்பரில் உங்கள் கடலில்தான், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம், 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் ஆவுளியா காப்பகமாக அறிவித்தார்கள். வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவித்த மீனவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். ஒரு வலையின் விலை என்னவென்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தச் செயலின் அருமை புரியும். அவர்களைச் சந்தித்தால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கட்டுரையோடு வந்த படத்தில் அதன் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் இருக்கின்றனவே, தோலின் நிறமா? – வாசகி, யாழ்ப்பாணம்

இல்லை அம்மா, விசைப்படகின் சுழலி வெட்டிய தழும்புகள். கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள், ஏணிப்படிபோல் ஒரே சீராக இருக்கும். சுழலியின் இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்த வரிசை அது. ஃப்ளோரிடாவில் வளர்ந்த மானட்டீகளில் தழும்பில்லாததைக் காண்பது கடினம். ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தழும்புகளைப் படம் பிடித்து, அவற்றை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். வாலில் கால் பாகம் இல்லாத தாய் ஒன்றை இரண்டு குளிர்காலங்களில் பார்த்தேன். இரண்டாம் முறை பக்கத்தில் கன்று இருந்தது.

படகு மட்டுமே எமன் அல்ல. 2021-இல் ஃப்ளோரிடாவில் ஏறக்குறைய 1,100 மானட்டீகள் இறந்தன. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவ்வளவு இறந்ததில்லை. கிழக்குக் கரையில் இந்தியன் ரிவர் காயலில் உரமும் கழிவுநீரும் கலந்து பாசி மண்டியது, வெயில் அடிவரை எட்டவில்லை, கடற்புல் அழிந்தது. வெதுவெதுப்பான நீர் இருந்தும் தின்ன ஒன்றுமில்லாமல் அவை பட்டினியில் செத்தன. அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் அதிகாரிகளே 90 டன்னுக்கு மேல் லெட்டூஸ் கீரையைத் தண்ணீரில் போட்டு ஊட்டினார்கள். இந்த விலங்கை 2017-இல்தான் அழியும் நிலைப் பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கியிருந்தார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

மேற்குக் கரையில் கிங்ஸ் பேயின் கதை வேறு. அங்கேயும் அடித்தளத்தில் கரும்பாசி மெத்தைபோல் படிந்திருந்தது. ஊர்க்காரர்கள் முனைந்து, நீர்மூழ்கி ஆட்களைக் கொண்டு குழாயால் அதை உறிஞ்சி எடுத்து, புல் நாற்றுகளை நட்டார்கள். இன்று கயாக்கிலிருந்து குனிந்து பார்த்தால் கோரைப்பாய் விரித்தாற்போல் பச்சை தெரிகிறது.

மானட்டீக்குப் பல் உண்டா? – ஐந்தாம் வகுப்பு மாணவர், மதுரை

உண்டு கண்ணா, ஆனால் கடைவாய்ப் பற்கள் மட்டும்தான். மணலோடு சேர்த்துப் புல்லை அரைப்பதால் பல் சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்ந்த பல் முன்னால் நகர்ந்து விழ, பின்னாலிருந்து புதுப்பல் வரிசையில் வந்துகொண்டே இருக்கும், ஆயுள் முழுவதும். யானைக்கும் பல் பின்னாலிருந்துதான் முன்னேறி வரும், ஆனால் ஆறு முறையோடு நின்றுவிடும். யானை மானட்டீக்கு நெருங்கிய சொந்தம். மீனாட்சி அம்மன் கோவில் யானையின் கால் நகத்தைப் பார்த்திருப்பாயே, மானட்டீயின் கைத்துடுப்பு நுனியிலும் அதேபோல் மூன்று நான்கு நகங்கள் இருக்கும்.

நாங்கள் நெருங்காவிட்டாலும் அதுவே கயாக்குக்கு அடியில் வந்துவிட்டால் என்ன செய்வது? – வாசகி, சிங்கப்பூர்

ஒன்றும் செய்யாதீர்கள். துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் குறுக்கே வைத்துக்கொள்ளுங்கள். எழுந்திருக்கவோ ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்க்கவோ வேண்டாம். கத்தவும் வேண்டாம்.

அத்தையோடு போன அன்று அதுதான் நடந்தது. பனி நீர்மேல் புகைபோல் நின்றுகொண்டிருந்தது. குளத்தில் எருமை மூச்சு விடுவதைப் போல் "புஸ்" என்று மிக அருகில் ஒரு சத்தம். திரும்பினால் இரண்டு முழம் தள்ளி ஒரு மூக்கு. மூடி திறப்பதுபோல் இரண்டு துவாரங்களும் திறந்தன, மூச்சை இழுத்தன, மூடிக்கொண்டன. மேலுதட்டு முள்முடிகள் ஒவ்வொன்றிலும் ஒரு நீர்த்துளி இருந்தது. வழிகாட்டி கையை மட்டும் உயர்த்தினார், ஐந்து படகுகளும் நின்றன.

அது எங்கள் படகின் நிழலுக்குள் வந்து அப்படியே கிடந்தது. அப்போதுதான் கன்றைப் பார்த்தோம். தாயின் கைத்துடுப்புக்குப் பின்னால், அக்குளில் வாயை வைத்து அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. அத்தைதான், "பால் குடிக்கிறதடி," என்று காதோடு சொன்னார். மானட்டீக்கு மடி அங்கேதான் இருக்கிறது.

பத்து நிமிடம் இருக்கும். அத்தையின் விரல்கள் குளிரில் வெளுத்துவிட்டன, கையுறையை எடுக்கக்கூட அவர் அசையவில்லை. பிறகு எங்கள் படகுக்கு அப்பால் நீர்மேல் ஒரு பெரிய வட்டம் தோன்றியது, அதன் பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று. இரண்டும் ஊற்று இருக்கும் பக்கமாகப் போயின.