பீரோவில் தாத்தாவின் துப்பாக்கி, பிளஸ் டூ படிக்கும் மகன்: லைசென்ஸ் யாருக்குக் கிடைக்கும்?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலைப் பார்த்த நாளிலிருந்து வேறு பேச்சே இல்லை. அவனுக்கு லைசென்ஸ் எடுக்க முடியுமா? அண்ணன் மகனுக்கு 19 வயது. பொங்கலுக்கு வேடந்தாங்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போகும்போது வேட்டைக்குப் போக வேண்டுமாம். "அதற்கும் ஒரு அனுமதி வாங்கிவிடுங்கள், சித்தப்பா" என்கிறான். என் அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி ஊர் வீட்டுப் பீரோவில் சும்மாதான் இருக்கிறது. அவர் போன ஆடியில் காலமானார். அதைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றலாமா? இப்போதைக்கு ஒரு ஏர் கன் வாங்கி ஊருக்கு எடுத்துப் போகலாமா?
- குரோம்பேட்டை வாசகர்

பதில்: நீங்கள் கேட்டவற்றைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் பீரோ.

உங்கள் அப்பாவின் உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. உரிமம் ஆளுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. துப்பாக்கியோடு சேர்ந்து வீட்டில் தங்கிவிடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 21ஆம் பிரிவில், வைத்திருப்பதற்கான உரிமை போய்விட்ட ஆயுதத்தைத் தேவையற்ற தாமதம் இல்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஆடியிலிருந்து இன்றுவரை எத்தனை மாதம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை இரண்டு ஆண்டில் தொடங்கி ஐந்து ஆண்டு வரை போகும். "அப்பாவுடையது, நாங்கள் தொட்டதுகூட இல்லை" என்ற பதில் உங்கள் நல்லெண்ணத்தைக் காட்டலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

அதற்காகப் பதற வேண்டாம். தானாக முன்வந்து ஒப்படைப்பவரைக் காவல் துறை பொதுவாகக் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. முதலில் ஊர் எல்லைக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். பிறகு அப்பாவின் உரிமப் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போங்கள். சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோகும் வேலை வேண்டாம். குழலுக்குள் தோட்டா இருக்கிறதா என்று விவரம் தெரிந்தவர் பார்க்கட்டும். நீங்களே மடக்கிப் பார்க்க முயல வேண்டாம். பல ஆண்டு பீரோவில் கிடந்த துப்பாக்கியில் தோட்டா போட்டபடியே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ரசீது விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பம் ஒரு காவல் நிலையத்தில் வாங்கிய ரசீதில் "துப்பாக்கி ஒன்று" என்று மட்டுமே எழுதியிருந்தது. எண் இல்லை, தயாரிப்பு இல்லை. இரண்டு ஆண்டு கழித்து வாரிசு உரிமம் கிடைத்துத் திரும்ப வாங்கப் போனபோது, எடுத்துக் கொடுக்கப்பட்டது குழல் துருவேறிய வேறொரு துப்பாக்கி. "இது எங்களுடையது அல்ல" என்று காட்ட அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஆகவே குழலில் பொறித்த எண், தயாரித்தவர் பெயர், எத்தனை போர் (குழலின் உள்ளளவு), கூடவே கொடுத்த தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகிய எல்லாம் ரசீதில் வர வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒரு புகைப்படமும் எடுத்துவிடுங்கள். தோட்டாவைத் தனியாக மறந்துவிடாதீர்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் நான்கு தோட்டாவும் துப்பாக்கி அளவுக்கே சட்டத்துக்கு உட்பட்டவை.

பெயர் மாற்றம் பிள்ளைகளுக்கு இப்போது நடக்காது. 21 வயது நிறையாதவர் துப்பாக்கியை வாங்கவோ வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ 9ஆம் பிரிவு தடை போடுகிறது. 17க்கும் தடை, 19க்கும் தடை. விண்ணப்பிக்கக்கூடியவர் நீங்கள், அல்லது உங்கள் அண்ணன். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் வாரிசு உரிமத்துக்குத் தனி வழி இருக்கிறது. உரிமதாரர் இறந்தபின் சட்டப்படியான வாரிசுக்கு மாற்றலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆகியிருந்தாலோ துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தான் குறிப்பிடும் வாரிசுக்கு மாற்றவும் செய்யலாம். இந்த இரண்டாவது வழி பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்திருந்தால் உங்கள் வீட்டில் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

நீங்கள் குரோம்பேட்டைவாசி என்பதால் விண்ணப்பம் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையருக்குப் போகும். சென்னை ஆணையருக்கு அல்ல, செங்கல்பட்டு ஆட்சியருக்கும் அல்ல. தாம்பரமும் ஆவடியும் 2022இல் தனி ஆணையரகங்களாகிவிட்டன. ஏ-1 படிவத்தோடு வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், மருத்துவச் சான்றிதழ், ஆயுதப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். காவல் நிலைய விசாரணைக்கு ஆள் வருவார். கிடைத்தால் ஐந்தாண்டுக்குச் செல்லும். ஆனால் ஒன்று: உண்மையில் உங்களுக்கு அந்தத் துப்பாக்கி வேண்டுமா? நினைவுப் பொருளாக மட்டும் என்றால், ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிப்பு, தேர்தலுக்குத் தேர்தல் ஒப்படைப்பு என்ற அலைச்சலை யோசித்துவிட்டு முடிவெடுங்கள். விற்பதற்கும் வழியிருக்கிறது.

இனி உங்கள் மகன். அவனுக்கு லைசென்ஸ் கிடைக்காது. இப்போதைக்கு அது தேவையும் இல்லை. 21 வயதுத் தடை போட்ட அதே 9ஆம் பிரிவு, பயிற்சியின்போது சுடுவதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 12 வயது நிறைந்தவர், பெரியவர் ஒருவரின் நேரடி மேற்பார்வையில் பயிற்சிக்காகச் சுடலாம். வைத்திருக்க முடியாது, வீட்டுக்கு எடுத்து வர முடியாது. பயிற்சி நேரத்தில் மட்டும் கையில் பிடிக்கலாம். விளையாட்டுக்கு அது போதும்.

அதைவிட எளிய செய்தி, ஒலிம்பிக்கில் அவன் பார்த்திருக்கக்கூடிய பத்து மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸே கிடையாது. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் கன்கள் உரிமத்திலிருந்து விலக்குப் பெற்றவை. போட்டி ரைஃபிளின் ஆற்றல் அதில் பாதிகூட வராது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் சுட்டது இந்த வகையில்தான். (பாரிஸில் சுட்ட நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானின் டிராப் போட்டி, அதாவது பறக்கும் களிமண் தட்டைச் சுடுவது, வேறு; அது 12 போர் துப்பாக்கி, அதற்கு உரிமம் கட்டாயம்.)

வாங்கும்போது ஓர் இடறல் உண்டு. இணையத்திலும் கடையிலும் 5.5 மில்லிமீட்டர் ஏர் கன்னைக் காட்டி "இது இன்னும் பவர் சார்" என்பார்கள். விலக்கு 4.5க்கு மட்டும்தான், 5.5ஐ உரிமமில்லாமல் வைத்திருந்தால் பீரோ துப்பாக்கி போல அதுவும் வழக்கு. உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டையைக் கொடுத்து, ரசீதோடு வாங்குங்கள்.

ஆனால் வாங்குவதற்கு அவசரமே இல்லை. முதல் சில மாதம் பயிற்சிக்கூடத்தின் ரைஃபிளிலேயே சுடட்டும். வேளச்சேரி குரு நானக் கல்லூரியின் ரேஞ்ச் உங்களுக்குப் பக்கம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டின் துப்பாக்கி சுடுதல் போட்டிகள் நடந்த இடம். எந்த இடத்தில் சேர்த்தாலும், மாநிலச் சங்கத்தின் வழியாக இந்திய தேசிய ரைஃபிள் சங்கத்தோடு தொடர்புள்ளதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எத்தனை மதிப்பெண் எடுத்தாலும் மாநிலப் போட்டிக்கு நுழைவு கிடைக்காது.

முதல் நாள் அவன் ஏமாறக்கூடும். சுடுவது கடைசியில்தான் வரும். ரைஃபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கும். அதைத் தூக்கி அசையாமல் நிற்பதற்கே வாரங்கள் போகும். பெல்லட், அதாவது ஏர் கன் குண்டு, உடுக்கை வடிவத்தில் இடுப்பு சிறுத்து இருக்கும். ஈயம் என்பதால் சுட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடக்கூடாது. இலக்குத் தாளின் நடுவில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, நாளிதழில் மெய்யெழுத்தின் தலையில் இருக்குமே, ஏறக்குறைய அந்த அளவு. பத்து மீட்டர் தள்ளி அதை 60 முறை, 75 நிமிடத்துக்குள். சுடாத நேரத்தில் குழல் வழியாக ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே பெல்லட் இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அந்தக் கயிற்றை மறக்கும் பையனை நல்ல பயிற்சியாளர் அன்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அப்படி அனுப்பாத ரேஞ்சில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

21 நிறைந்தபின் பாயிண்ட் 22 ரைஃபிள் (குழல் 0.22 அங்குலம்) வேண்டுமென்றால் அவனுக்கு ஒரு சலுகை காத்திருக்கிறது. மத்திய அரசு அங்கீகரித்த ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காகக் கேட்டால், 14ஆம் பிரிவின் மறுப்புக் காரணங்கள் இல்லாதவரை, உரிமம் வழங்க வேண்டும் என்றே 13ஆம் பிரிவு சொல்கிறது. "உயிருக்கு ஆபத்து" என்று எழுதிவிட்டு அதை நிரூபிக்க அலைபவர்களைவிட, கிளப் அட்டையும் போட்டி மதிப்பெண்ணும் வைத்திருப்பவரின் கோப்பு வேகமாக நகர்வதை நான் கண்டிருக்கிறேன்.

அண்ணன் மகனுக்கு வருவோம். அவனுக்கு 21 ஆனாலும் 41 ஆனாலும் வேட்டைக்கு அனுமதி கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடிவிட்டது. ஆயுதச் சட்டம் 1959இல் எழுதப்பட்டதால் அதில் இன்னும் விளையாட்டுக்கான துப்பாக்கி என்ற சொல் கிடக்கிறது. அதைப் படித்துவிட்டு வருபவர்களை அவ்வப்போது பார்க்கிறேன். பயிரைக் காட்டுப்பன்றி அழித்தாலும் வனத்துறையிடம்தான் போக வேண்டும், தானே சுட முடியாது. "காக்கை சுட்டால் என்ன?" என்பான். முன்பு காகத்துக்கும் எலிக்கும் தனிப் பட்டியல் ஒன்று இருந்தது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. சுட முயல்வதும் வேட்டைதான், முட்டையை எடுப்பதும் வேட்டைதான். தண்டனை விதிக்கப்பட்டால் ஆயுத உரிமத்தை ரத்து செய்து, ஐந்தாண்டுக்குப் புதிய உரிமம் பெற முடியாதபடி நீதிமன்றம் உத்தரவிடலாம். உங்கள் பெயரில் உள்ள துப்பாக்கியை அவன் எடுத்துச் சுட்டால் உங்கள் உரிமமும் தப்பாது.

அதுவும் வேடந்தாங்கல் பக்கத்தில்! 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய ஊர் அது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. அங்கே வெடிச் சத்தம் கேட்டால் வனக்காவலருக்கு முன்னால் ஊர்க்காரர்கள் வந்து நிற்பார்கள். சட்டத்திலும் தனிக் கட்டுப்பாடு உண்டு. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் உரிமதாரர் வனத்துறையில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும்; அந்த எல்லைக்குள் புதிய உரிமத்துக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு தேவை. வாரிசு உரிமம் வாங்கித் துப்பாக்கியை ஊர் வீட்டிலேயே வைக்கலாம் என்று அண்ணன் நினைத்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆக, பொங்கலுக்கு ஏர் கன்? வேண்டாம். லைசென்ஸ் தேவையில்லாத ஏர் கன்னால் ஒரு கொக்கை அடித்தாலும் வழக்கு அதே வழக்குதான். வெறும் டப்பாவை அடிக்கிறோம் என்றாலும், மாட்டுப் பொங்கல் அன்று தெருவெல்லாம் பிள்ளைகளும் மாடுகளும் நிற்கும் ஊரில், பெல்லட் எங்கே போய் நிற்கும் என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது. அதைக் குரோம்பேட்டையில் பூட்டி வைத்துவிட்டு, ஊருக்கு ஒரு பைனாகுலர் எடுத்துப் போங்கள். ஜனவரியில் ஏரி நிறைய நாரைகள் இருக்கும். போகிற வழியில் காவல் நிலையத்தில் அந்த இரட்டைக் குழலையும் ஒப்படைத்துவிடலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதற்குப் பொங்கல்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள்.