ஆடிப்பெருக்கு லீவும் அறுபதாயிரம் ரூபாய் பாக்கியும்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் டிசைனராக வேலை செய்கிறேன். இதே ஊர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு தீபாவளி கேட்லாக் வடிவமைக்க 90,000 ரூபாய்க்குப் பேசி, 30,000 அட்வான்ஸ் வாங்கினேன். ஆடி 18 அன்று ஃபைல்களைக் கொடுக்க வேண்டும். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை என்பதால் குடும்பத்தோடு மேட்டூர் போய்விட்டேன், போனையும் அணைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் ஃபைல்களைக் கொடுத்தேன். இப்போது தாமதத்துக்காக 25,000 பிடித்துக்கொண்டு, 35,000 மட்டும் தருவதாகச் சொல்கிறார்கள். அரசு விடுமுறையில் வேலை வாங்குவது குற்றம்தானே? தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை முழுதாகப் படித்தேன். ஜவுளிக்கடை முதலாளி போனில் கத்தியது, ஞாயிற்றுக்கிழமைகளிலும் மெசேஜ் அனுப்பியது, போன பொங்கலன்று இரவு பதினொரு மணி வரை நீங்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தது, அம்மா அழுதது எல்லாம் அதில் இருக்கிறது. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் எதுவும் வழக்குக்கு உதவாது, எனவே ஒதுக்கி வைத்துவிடுவோம்.

விடுமுறை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைச் சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு மேலும் ஐந்து நாட்கள் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. அது தொழில் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஊழியருக்கான சட்டம். நீங்கள் ஊழியர் இல்லை, பில் போட்டு வேலை செய்து தருபவர். கலெக்டர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை இன்னும் குறுகியது. அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும்தான். வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டப்படி இது பொது விடுமுறை அல்ல என்று அந்த அறிவிப்பிலேயே எழுதியிருப்பார்கள். ஆடி 18 அன்று எந்த ஜவுளிக்கடைக்காரர் ஷட்டரை இறக்குவார்? கெடு நாளில் கோர்ட் மூடியிருந்தால் மறுநாள் தாக்கல் செய்யலாம் என்ற சலுகை வழக்குகளுக்கு உண்டு. இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்ட தேதிக்கு அது தானாக வந்து ஒட்டாது.

ஆகவே தொழிலாளர் துறைக்குப் போக வேண்டாம். போனால் ‘நீங்கள் அங்கே ஊழியரா?’ என்ற முதல் கேள்வியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் வழக்கில் சட்டப்படி முக்கியமான கேள்வி ஒன்றுதான். இரண்டு நாள் தாமதமாக வந்த ஃபைல்களை வாங்கிக்கொண்டபோது கடை முதலாளி என்ன சொன்னார்? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவைப் பாருங்கள். கெடு ஒப்பந்தத்துக்கு உயிரானது என்றே வைத்துக்கொண்டாலும், தாமதமான வேலையை ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஏற்றுக்கொள்ளும்போதே ‘இதற்கு நஷ்டஈடு கேட்பேன்’ என்று தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காமல் வாங்கிக்கொண்டு பிறகு கேட்க முடியாது. கெடு அவ்வளவு உயிரானது இல்லை என்று கோர்ட் கருதினால், தாமதத்தால் உண்மையில் என்ன நஷ்டம் என்பதை அவர் காட்ட வேண்டும். தீபாவளி கேட்லாக் ஆடி மாதத்தில் இரண்டு நாள் பிந்தியதால் 25,000 ரூபாய் நஷ்டம் என்று காட்டுவது சுலபமில்லை. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் அவருடைய பதில் இருக்கிறது: ‘கிடைச்சது, பிரிண்டுக்கு அனுப்பியாச்சு.’ கோபமும் இல்லை, நஷ்டம் என்ற பேச்சும் இல்லை. மூன்று வாரம் கழித்துத்தான் 25,000 கணக்கு முளைத்திருக்கிறது. இதுவரை உங்கள் கைதான் ஓங்கியிருக்கிறது.

ஆனால் கடிதத்தில் நீங்கள் ஒரு வரிகூடச் சொல்லாத விஷயம் பதினான்காவது ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிறது. ஆடி 18 இரவு 9.52-க்கு, மேட்டூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் போனைத் திறந்ததும் அனுப்பியிருக்கிறீர்கள்: ‘ஸாரி சார், என் தப்புதான், வேணும்னா அமவுண்ட்ல குறைச்சுக்கோங்க சார்.’ கூடவே கும்பிடும் கை இரண்டு.

அவருடைய வக்கீல் கையில் எடுக்கப்போவது இந்த ஒரு வரியைத்தான். ஒருவர் தனக்கு வர வேண்டிய தொகையை முழுதாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கலாம், அதற்குப் பிரதியாக எதுவும் பெற்றிருக்க வேண்டியதில்லை என்கிறது அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவு. ‘அவரே குறைத்துக்கொள்ளச் சொன்னார், அதனால்தான் பேசாமல் ஃபைலை வாங்கினோம்’ என்று வாதம் வரும். எவ்வளவு குறைப்பது என்று நீங்கள் சொல்லவில்லை, அது பயத்தில் அனுப்பிய மன்னிப்பு என்று நாம் பதில் சொல்லலாம். நல்ல பதில்தான். ஆனால் ஜெயிக்கும் என்று உங்களிடம் உறுதி கொடுத்தால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

இந்த மாதிரி மன்னிப்பை எத்தனை கட்சிக்காரர்களின் போனில் பார்த்துவிட்டேன்! அடுத்த வேலை போய்விடுமோ என்று, யாரும் கேட்காத குற்றத்தையும் ஒப்புக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். ‘ஃபைல் நாளை மறுநாள் காலை வரும்’ என்று எழுதினால் போதும். தப்பு யாருடையது என்று அந்த நேரத்தில் நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

இப்போது உங்கள் முன்னால் இரண்டாவது குழி இருக்கிறது. ‘ஓகேன்னு சொன்னா இன்னைக்கே 35 போட்டு கணக்கை முடிச்சிடறேன்’ என்று அவர் அனுப்பியதற்கு நீங்கள் இன்னும் பதில் போடவில்லை. தயவுசெய்து கட்டைவிரல் படம்கூடப் போடாதீர்கள். அது சம்மதமாகிவிடும், பாக்கி 25,000 அங்கேயே செத்துவிடும். நீங்கள் கேட்காமலே 35,000 கணக்கில் வந்து விழுந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம். அன்றைக்கே எழுத்தில் சொல்லிவிடுங்கள்: ‘ரூ.35,000 பகுதித் தொகையாக வரவு வைத்துக்கொண்டேன். பாக்கி ரூ.25,000.’

மூன்றாவது குழியைக் கடிதத்தின் கடைசியில் நீங்களே தோண்டியிருக்கிறீர்கள். கடையின் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு உங்களிடம் இருப்பதாகவும், பணம் வரும்வரை அதை மாற்றி வைக்கலாமா என்றும் கேட்கிறீர்கள். கூடவே கூடாது. ஏற்காட்டில் தங்கும் விடுதி ஒன்றுக்குப் படம் எடுத்துக் கொடுத்த ஒரு தம்பி, கோடை விழா சமயத்தில் இதைத்தான் செய்தார். அவருக்கு வர வேண்டியது 40,000. விடுதிக்காரர் போலீஸில் புகார் கொடுத்தார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் உண்டு. புகாரைத் திரும்பப் பெற வைக்க அவர் தன் 40,000-ஐ விட்டுக்கொடுத்தார். நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்த கணக்கு அது. அவருடைய அப்பா என் அறையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பாஸ்வேர்டை இன்றே கடைக்கு ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு ஒரு மெசேஜையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்சியம் பற்றி ஒரு வார்த்தை. அந்த வாட்ஸ்அப் உரையாடலில் எதையும் அழிக்காதீர்கள், அந்த ஸாரி மெசேஜ் உட்பட. அவருடைய போனில் அது இருக்கும், உங்களுடையதில் இல்லாவிட்டால் பொய்யர் என்ற பெயர்தான் மிஞ்சும். போனையும் மாற்ற வேண்டாம். கோர்ட்டில் கொடுக்கும்போது இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். அப்புறம், வருமான வரித் தளத்தில், உங்கள் பெயரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பாருங்கள். முழு 90,000-க்கும் வரி பிடித்துக் கட்டியிருந்தால், முழுத் தொகையையும் அவர்கள் தங்கள் கணக்கில் ஏற்றிவிட்டார்கள் என்பதற்கு அது நல்ல சான்று.

குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு உங்களிடம் இல்லை என்கிறீர்கள். இருந்திருந்தால் கதையே வேறு. ஃபைல் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. எழுத்தில் எத்தனை நாள் பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இப்போது பதிவு செய்தால் இந்த பில்லுக்கு உதவாது, அடுத்த வேலைக்கு உதவும். செய்துவிடுங்கள்.

லீவு எடுப்பது தப்பில்லை, கட்டாயம் எடுங்கள். ஆனால் அடுத்த கொட்டேஷனில் இந்த வரி இருக்கட்டும்: ‘ஞாயிறு, அரசு பொது விடுமுறை, சேலம் மாவட்ட உள்ளூர் விடுமுறை ஆகியவை வேலை நாட்கள் அல்ல. ஒப்படைக்கும் தேதி அந்த நாளில் வந்தால் அடுத்த வேலை நாளில் ஒப்படைக்கப்படும்.’ இந்த இரண்டு வாக்கியம் இருந்திருந்தால் உங்களுக்கு என் உதவியே தேவைப்பட்டிருக்காது.

வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. இருந்தாலும் போடாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. தகராறில் இருப்பது 25,000. அதற்காக எத்தனை வாய்தாவுக்கு அஸ்தம்பட்டி கோர்ட் வாசலில் நிற்பீர்கள், எத்தனை நாள் வேலையை விடுவீர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸாரி மெசேஜ் வேறு எதிரே நிற்கிறது. சமரசம் பேசுங்கள். 60,000-ல் ஆரம்பித்து, 50,000-க்கு வந்தால் எழுதி வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். அதற்கும் இறங்கவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே கோர்ட் கட்டணம் இல்லை, முடிந்த கணக்குக்கு அப்பீலும் இல்லை.

முதலாளிக்கு இன்று அனுப்ப வேண்டிய பதில் இவ்வளவுதான்: ‘ஃபைல்களைப் பெற்று அச்சுக்கு அனுப்பியபோது நீங்கள் நஷ்டம் எதுவும் குறிப்பிடவில்லை. பாக்கி ரூ.60,000. நேரில் பேசி முடிக்கத் தயார், உங்களுக்கு வசதியான நாளைச் சொல்லுங்கள்.’ இதில் ஸாரியும் வேண்டாம், கும்பிடும் கையும் வேண்டாம்.